களைத்த கால்கள்

46 வயதுத் தமிழ் விரிவுரையாளர் ஒருவர் 50 கிலோமீட்டர் ஓடப்போவதாக அறிவித்தால் துறையில் என்ன பேச்சு எழும் என்பதை நண்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். "அந்த ஊருக்குப் பேருந்து கிடையாதா ஐயா?" என்று கேட்டார் சக ஆசிரியர் ஒருவர். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பயிற்சிக் காலத்தில் நேர்ந்த ஒன்றைச் சிரிக்காமல்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைக் கடந்த எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான் எனப்படும். முதன்முறை ஓடுபவர்கள் பந்தயத்துக்கு முன்பே முழுத் தொலைவையும் ஓடிப்பார்ப்பது வழக்கமில்லை. அதிலிருந்து உடல் மீள நெடுநாள் ஆகும். மாறாக, சனிக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். மறுநாள் விடியலில், கால்கள் தெளியும் முன்பே இன்னொன்று. தசைகளில் சேமித்துவைத்த சர்க்கரையை முதல் நாள் ஓட்டம் பெருமளவு தீர்த்துவிடுகிறது. அது மீண்டும் நிரம்புவதற்குள் புறப்படுவதால், பந்தயத்தின் பிற்பாதியில் கால்கள் எப்படி இருக்குமோ ஏறக்குறைய அப்படியே ஞாயிறு ஓட்டம் தொடங்குகிறது.

முதல் ஞாயிறன்று மாடிப்படிகளில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது. கொள்ளிடக் கரையில் முதல் மூன்று கிலோமீட்டர் வேறு யாருடைய கால்களோ என்றிருந்தது. பிறகு மெல்ல இணங்கின. களைத்த பின்பும் உடலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்ற அறிவு, இந்த வயதில் பெரிய மகிழ்ச்சி. ஐந்தாவது வாரத்தில் அந்த மகிழ்ச்சி செருக்காக மாறியிருந்தது. ஓய்வு நாட்களிலும் ஓடத் தொடங்கினேன்.

அந்நாட்களில் ஒரு திங்கட்கிழமை, முதல் மணி வகுப்பில் ஒரு மாணவன் உறங்கிக்கொண்டிருந்தான். "இரண்டு நாளில் 48 கிலோமீட்டர் ஓடிவிட்டு நான் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறேன். உனக்கு உட்கார்ந்து கேட்கக்கூட முடியவில்லையா?" என்றேன். எழுந்து நின்றான். "ரெண்டு நாளா முகூர்த்தம்யா. கேட்டரிங் வேலைக்குப் போயிருந்தேன்." விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போய், இரவு கடைசிப் பந்தி முடியும்வரை சாம்பார் வாளியோடு நிற்கும் வேலை. உட்கார் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து என் கணைக்கால் எலும்பில் ஓரிடத்தில் மட்டும் குத்தும் வலி. மயிரிழை விரிசலின் தொடக்கம் என்று சொல்லி, மருத்துவர் ஆறு வாரம் ஓடத் தடை விதித்தார். "ஓட்டம் உடம்பைத் தேய்க்கத்தான் செய்யும் சார். அப்புறம் தூங்குறீங்க, சாப்பிடுறீங்க பாருங்க, அதுதான் கட்டி எழுப்புது" என்றார். அந்த மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

இருவர் கால்களும் களைத்தவையே. ஆனால் ஞாயிறு மதியம் நான் உண்டு உறங்கினேன். அவன் அடுத்த பந்திக்கு இலை போட்டான். என் களைப்பை நான் தேர்ந்துகொண்டேன், வேண்டாமென்றால் நிறுத்தவும் முடியும். ஓய்வு உள்ளவனுக்குத்தான் களைப்பு பயிற்சி. இல்லாதவனுக்கு அது வெறும் தேய்மானம்.

கல்லூரி விழா மேடைகளில் நாம் இதைச் சொல்வதில்லை. தெருவிளக்கில் படித்து உயர்ந்தவர்களின் கதைகளைச் சொல்கிறோம். துன்பம்தான் அவர்களை உருவாக்கியது என்கிறோம். அதே விளக்கின்கீழ் படித்துப் பாதியில் நின்றவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுக்கு நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921இல் தொடங்கியது. முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நெடுந்தொலைவு நடந்து களைத்த விக் கிளாஃபம், மாண்ட தோழர்களின் நினைவாக அதைத் தொடங்கினார். முதலாண்டில் புறப்பட்டவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர் என்கிறது வரலாறு. இரண்டு எண்களும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன. நம் கல்வியின் வெற்றிக் கதைகளில் இரண்டாவது எண் மட்டுமே இருக்கிறது.

இப்போது மீண்டும் ஓடுகிறேன். நாட்காட்டியில் ஓய்வு நாட்களையும் ஓட்ட நாட்களைப் போலவே குறித்துவைக்கிறேன். சக ஆசிரியரிடம் கேட்டு, திங்கள் முதல் மணியைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டேன். இதனால் அவன் வேலை குறையப்போவதில்லை என்பது தெரியும்.

விந்தி விந்தி நடந்த நாட்களில் ஒருநாள் நூலக வாசலில் அவனைப் பார்த்து, அன்று அப்படிப் பேசியது தவறு என்றேன். அவனுக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்லங்கய்யா" என்றவன், என் காலைப் பார்த்துக் கேட்டான்: "டாக்டர் நிக்கக் கூடாதுன்னு சொல்லலையா? உக்காந்தே பாடம் எடுங்கய்யா."