பெயரறியாத் தாய்ப்பலகை

பழைய நாணயமொன்று நிலத்திற் கிடைப்பின், அதனைத் துடைத்து, எவ்வரசன் காலத்தது, எவ்வூரில் அச்சிடப்பட்டது என்று ஆராயும் அறிஞர் பலர் உளர். முப்பது ஆண்டுகட்கு முற்பட்ட கணிப்பொறியின் தாய்ப்பலகை ஒன்று கிடைப்பினோ, அதனைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடுவோரே மிகுதி. எஞ்சிய சிலரும் அதற்கு உடனே மின்சாரம் ஊட்டி, இயங்குகிறதா என்று பார்க்க விரைகின்றனர். இவ்விரு செயலும் தக்கன அல்ல. பலகை இன்னதென அறிதல் முதற்கடமை. அறிந்ததைப் பதிந்து வைத்தல் இரண்டாவது. இயக்குதல் மூன்றாவதே என்பது எமது கருத்து.

பலகைகள் பெயரிழந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1981-இல் பி.சி. என்னும் பொறியையும், 1984-இல் ஏ.டி. என்னும் பொறியையும் வெளியிட்டனர். அவற்றின் அமைப்பைப் பின்பற்றிப் பலகை செய்யும் தொழில் தைவான் தீவிலே பெருகியது. சிறு தொழிலாளர் பலர் தம் பெயரைப் பொறியாமலே பலகைகளை விற்றனர். ஒரே பலகை பல பெயர்களோடு கடைக்கு வந்ததும் உண்டு. உடன் வந்த மெல்லிய கைப்புத்தகம் தொலைந்துவிட்டது. செய்தவர்களுட் பலர் தொழிலையே விட்டொழிந்தனர். ஆகவே, இன்று அப்பலகையே தனக்குச் சாட்சி.

அச்சாட்சியைக் கேட்கும் முறை யாது? 1990-களின் தொடக்கத்துப் பலகை ஒன்றைக் கொள்வோம். அதன் நடுவே ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் 386 டி.எக்ஸ். 40 சில்லு இருக்கிறது. சூழவுள்ள பெரிய சில்லுகளில் ஆப்டி, சிஸ், யு.எம்.சி. முதலிய பெயர்களுள் ஒன்று காணப்படும். சில்லுகளின் முதுகில் 9236 என்பது போன்ற நான்கு இலக்கங்கள் இருப்பின், 1992-ஆம் ஆண்டின் 36-ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். ஒரு சில்லை மட்டும் நம்புதல் கூடாது. பின்னொருவர் அதனை மாற்றியிருத்தல் கூடும். பல சில்லுகளும் ஒத்துச் சொல்வதையே கொள்ளல் வேண்டும். 1990-களின் நடுவில் வெளிவந்த 486 பலகைகள் சிலவற்றில், உள்ளே யாதுமில்லாத போலிச் சில்லுகளை விரைவு நினைவகமென ஒட்டி விற்றதும் உண்டு. ஆதலின், எழுதியிருப்பதை வாசித்தால் மட்டும் போதாது, சோதித்தலும் வேண்டும். பலகை உயிர்பெற்றபின், ஏ.எம்.ஐ. பயாஸ் உடையதாயின், திரையின் அடியில் ஒரு நீண்ட எண்வரிசை தோன்றும். அதில் ஒரு பகுதி செய்தவரைக் குறிக்கும்.

பதறாத காரியம் சிதறாது என்பர். அதன் உண்மையை இப்பலகைகளிற் போல வேறெங்கும் காண்டல் அரிது. ஏ.டி. வகைப் பலகைக்கு மின்சாரம் தரும் செருகிகள் இரண்டு. இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவே அடுத்தடுத்து நிற்றல் வேண்டும். இடம் மாறின் பலகை கரிந்துபோம். 5 வோல்ட்டுக்கு ஜம்பர் வைத்த பலகையில், 3.3 வோல்ட்டுக்குரிய 486 டி.எக்ஸ். 4 சில்லைப் பொருத்தின் சில்லு கெடும். ஓரத்தில் உருளை வடிவாய் இருக்கும் நிக்கல் காட்மியம் பாட்டரியோ, மின்சாரம் ஊட்டாதபோதும் காரநீரைக் கசியவிட்டுச் செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டேயிருக்கும். அதனை முதலிற் கழற்றி, கசிந்த இடத்தை வினிகரால் துடைத்து, நன்கு கழுவி உலர்த்தல் வேண்டும். எஞ்சியவற்றிற்குப் பொறுக்கலாம், இதற்குப் பொறுத்தலாகாது.

இனி, பதிவைப் பற்றிக் கூறுவோம். பயாஸ் எழுதப்பட்ட ஈப்ராம் சில்லின் மேல் ஒரு சிறு சாளரம் உண்டு. அதனை மூடிய காகிதத்தைக் கிழித்து வெயிலில் வைப்பின் எழுத்து அழியத் தொடங்கும். மூடியே வைத்தாலும் என்றும் நிலைக்குமென உறுதி கூறுதற்கில்லை. பலகை இயங்குவதற்கு முன்னரே அதனைப் படியெடுத்து வைப்பவர், பலகை இறந்தாலும் அதன் அறிவைக் காத்தவராவார். இருபுறமும் படம் பிடித்து, ஜம்பர்களின் நிலையையும் குறித்து, யாவரும் காண வைத்தல் வேண்டும். டோட்டல் ஹார்ட்வேர் 99 என்னும் பழைய தொகுப்பு இன்றும் பலருக்கு உதவுவது, அக்காலத்தில் சிலர் ஜம்பர் விவரங்களைச் சலியாது தொகுத்தமையால் அன்றோ? ஒருவர் இயக்கிய பலகை ஒருவருக்கே பயன்படும். ஒருவர் பதிந்த பலகை அதன் உடன்பிறப்புகள் அனைத்திற்கும் பயன்படும்.

கைப்பேசியின் ஆற்றலில் ஆயிரத்திலொரு பங்கும் இல்லாத பலகைக்கு இத்துணைப் பாடு எதற்கு எனச் சிலர் வினவலாம். அக்காலத்து அட்டைகளைக் கொண்டே இயங்கும் கடைசற் பொறிகளும் ஆய்வுக்கூடக் கருவிகளும் இன்னும் உள்ளன. பலகை போயின் அவையும் போம். அன்றியும், இக்காலப் பொறியில் ஒரே சில்லினுள் ஒடுங்கிய உறுப்புகள், அப்பலகையிலே தனித்தனியே கண்ணுக்குத் தெரிய நிற்கின்றன. விஞ்ஞான மாணவனுக்கு அதனினும் தெளிவான பாடநூல் எது?

ஆதலின் மாணவ அன்பர்காள்! பெயரறியாப் பலகை ஒன்று உங்கள் கைக்கு வருமாயின், பாட்டரியை இன்றே கழற்றுங்கள். மின்சாரத்தை நாளைக்கு ஒத்திவையுங்கள். இடையே எழுதுகோலை எடுங்கள்.