முன்னே ஓடியவர் யார்?

சிற்றூரில் பிறந்து உலகப் பந்தயங்களில் வாகை சூடிய வீரர் ஒருவர், ஓய்வு பெற்றபின் தம் ஊரார் முன் பேச வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்தலுக்கும் தோரணத்திற்கும் மாலைக்கும் குறைவிராது. தாம் பட்ட பாட்டையும் பெற்ற பதக்கங்களையும் அவர் எடுத்துரைப்பார், இளைஞர் கைதட்டுவர். கூட்டம் கலைந்தபின் அவர்கள் உள்ளத்தில் எஞ்சுவது யாது? “ஊரை விட்டுப் போனவனே உயர்ந்தான், தனியே ஓடினவனே வென்றான்” என்பதுதான் எஞ்சுமாயின், அப்பேச்சினால் ஊருக்கு நன்மையைவிடத் தீமையே மிகுதி என்பது என் கருத்து.

கென்யா நாட்டு ஓட்ட வீரர் கிப் கெய்னோவின் வரலாற்றை அங்கத்தினர்கள் அறிவது நலம். 1940-ல் நாண்டி மலைநாட்டில் பிறந்து, சிறு வயதில் தாயை இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தவர் அவர். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கிற்குச் சென்றபோது பித்தப்பை நோய் அவரை வாட்டியது. 10,000 மீட்டர் ஓட்டத்தில் வலி தாளாமல் வீழ்ந்தார். எனினும் 1,500 மீட்டர் ஓட்டத்திற்கு வந்து நின்றார். எதிரில் நின்றவர் அமெரிக்காவின் ஜிம் ரையன். அவ்வோட்டத்தில் அன்று உலகச் சாதனைக்கு உரியவர். கடைசிச் சுற்றில் பாய்ந்து முந்துவதில் வல்லவர்.

அப்போது கெய்னோவுக்குத் துணை நின்றவர் அவருடைய நாட்டவரான பென் ஜிப்சோ. முதற் சுற்றை 56 விநாடியில் ஓடி, பந்தயத்தின் வேகத்தை ஏற்றிவிட்டவர் அவரே. அந்த வேகத்தைக் கெய்னோ விடாது பற்றிக்கொண்டார், ரையன் பின்தங்கினார். 3 நிமிடம் 34.9 விநாடியில், ஏறத்தாழ 20 மீட்டர் இடைவெளியில் கெய்னோ தங்கம் வென்றார். ஜிப்சோவுக்குக் கிடைத்தது பத்தாவது இடம். 1972-ல் மியூனிக்கில் தடை தாண்டும் 3,000 மீட்டர் ஓட்டத்தில் கெய்னோ முதலாவதாகவும் ஜிப்சோ இரண்டாவதாகவும் வந்தனர் என்பது மனத்திற்கு நிறைவளிக்கும் செய்தி.

புகழ் பெற்ற கெய்னோ தம் மலைநாட்டை மறக்கவில்லை. எல்டொரெட் நகரின் அருகே நிலம் வாங்கிப் பயிர் செய்தார். பெற்றோரற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். 1999-ல் தொடக்கப் பள்ளியும் 2009-ல் உயர்நிலைப் பள்ளியும் அங்கே எழுந்தன. ஊருக்குத் திரும்பிய வீரர் ஆற்றும் சொற்பொழிவுகளில் இதனினும் சிறந்தது வேறில்லை.

“தனி மனிதனின் வெற்றியைப் போற்றினாலன்றோ இளைஞருக்கு ஊக்கம் பிறக்கும்?” என்று சிலர் கேட்கலாம். போற்றுவதை நான் மறுக்கவில்லை. நோயோடு ஓடிய மனவுறுதி கெய்னோவினுடையதே. ஆனால் பாதிக் கதையை மட்டும் கேட்டு வளரும் இளைஞன் கூட்டுறவைப் பலவீனரின் புகலிடம் என்றே எண்ணுவான். நான் சென்ற மகாசபைக் கூட்டங்கள் பலவற்றில் நரைத்த தலைகளே மிகுதி. நெய்த சேலையைப் பிரித்து வைத்து மெச்சுகிறோம். பாவு ஓட்டியவரையும், தார் சுற்றியவரையும், சாயம் தோய்த்தவரையும் யாரும் நினைப்பதில்லை. விளைந்த நெல்லைப் புகழ்கிறோம். வாய்க்காலைத் தூர் வாரிய கைகளை மறந்துவிடுகிறோம். தன் உழைப்பு எங்கும் பேசப்படாத இடத்தில் இளைஞன் நிலைப்பானா?

ஆகையால், நம் சங்கத்தின் மேடைக்கு வெற்றி பெற்ற ஒருவர் வருவாராயின், மாலையிடுவதோடு நில்லாமல் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்போம்: “ஐயா, உங்களுக்கு முன்னே ஓடியவர் யார்?” அதற்கு அவர் மனமுவந்து கூறும் விடையே நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய பேச்சு. அவர் ஊரில் இருக்கும்போதே, பிள்ளைகள் ஓடுவதற்கு ஒரு திடலை ஒழுங்கு செய்வதற்கும் அவர் துணையை நாடுவோம். திடலைப் பேணும் பொறுப்பு சங்கத்தினுடையதாக இருக்கட்டும்.