லென்ஸ் இல்லாத காப்பகம்

டிஜிட்டலுக்கு உடம்பே கிடையாது, வெறும் பூஜ்யமும் ஒன்றும்தான் என்று இன்னும் எத்தனை கட்டுரை எழுதுவீர்கள்? எனக்கு அலுத்துவிட்டது. ஒரு பழைய சிடி டிரைவைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு லென்ஸ் இருக்கும். சுழலும் வட்டு மேலும் கீழும் ஆட, கூடவே தானும் ஆடி, 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடும் தடத்தை விடாமல் பிடிக்கும்.

லேசர் குவிவதற்கு முன்னால் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டைக் கடந்தாக வேண்டும். அது உண்டாக்கும் கோளப் பிறழ்ச்சியையும் கணக்கில் வைத்தே லென்ஸின் வளைவைத் தீர்மானிக்கிறார்கள். ஆக, வட்டும் லென்ஸில் ஒரு பாதிதான். அந்தத் தடிமன் டிவிடியில் 0.6, புளூ-ரேயில் 0.1. லேசரின் அலைநீளமும் 780 நானோமீட்டரிலிருந்து 650, 405 என்று குறைந்தது. ஒன்றுக்குச் செய்த லென்ஸ் இன்னொன்றுக்கு அப்படியே ஆகாது.

இது புரியாதவர்கள்தான் டிரைவைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, வட்டுகளை மட்டும் பீரோவில் பூட்டி 'ஆவணப்படுத்தியாச்சு' என்கிறார்கள். சும்மா சொல்லாதீங்க. படிக்க ஆளில்லாத ஏட்டுக்கும் அந்த பீரோவுக்கும் என்ன வித்தியாசம்? ஓடுகிற டிரைவ் இரண்டையாவது எடுத்து வையுங்கள். முடியாதென்றால், இருக்கிற டிரைவ் ஓடும்போதே எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள்.