ஒல்லி என்று ஏமாறாதீங்க!

ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. காலையில் டீயும் பன்னும்தான். நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை. "ஒல்லிக்குச்சி, உனக்கென்னடி நோவு?" என்பார்கள். ஆனால் அடிக்கடி வயிற்று வலி, பேதி.

டாக்டரம்மா எடையோடு இடுப்பையும் அளந்தார். 86 செ.மீ.! நம் பெண்களுக்கு 80-க்குள் இருக்கணுமாம். குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அழற்சியைத் தூண்டும். நார்ச்சத்தும் இல்லாவிட்டால் குடலின் தாங்கும் சக்தி குறையும் என்றார்.

எளிதில் செரிக்காத மாவுச்சத்து, பெருங்குடலில் புளித்துக் குடல் சுவருக்கே தீனியாகிறது. அதை உப்பு-சர்க்கரைக் கரைசலில் கலந்து கொடுத்தால் காலரா பேதி சீக்கிரம் அடங்கும் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2000-லேயே காட்டினார்கள். ஆறின சோற்றிலும் அது கொஞ்சம் இருக்கிறது.

தோழிகளே, பன்னை விட்டுட்டு, கூழோ பழைய சோறோ, கூடவே ஒரு கைப்பிடி சுண்டலோ சாப்பிட்டுக் கிளம்புங்க. அதற்குப் பத்து நிமிஷம் கம்பெனிகளும் ஒதுக்கலாமே!

- ஒரு வாசகி, ஆம்பூர்.