அலாய் வீலா, இரும்பு ரிம்மா?

நம்ம ஊர்ல குளிர்காலம்னு ஒண்ணு கிடையாது மக்களே. ஐப்பசி, கார்த்திகையில மழை, மார்கழியில கொஞ்சம் ஊதக்காத்து, அவ்ளோதான். ஆனா திருவொற்றியூர்ல கார் வெச்சிருக்கவனுக்கு அந்த மழை மாசம்தான் குளிர்காலம். மான்ட்ரியல்ல இருக்கிற என் காலேஜ் நண்பனுக்குப் பனி எப்படியோ, எனக்கு எண்ணூர் விரைவுச் சாலை அப்படி.

கார்னா பெருசா நினைச்சுடாதீங்க. செகண்ட் ஹேண்ட் ஆல்டோ 800. போன நவம்பர்ல ஒரு ராத்திரி, ராயபுரத்துல ரிசப்ஷன் முடிச்சுட்டு நானும் அப்பாவும் வந்துட்டிருந்தோம். நல்ல மழை. இடது பக்கம் வரிசையா கண்டெய்னர் லாரிங்க. ரோடு கொஞ்சம் காலியா கிடைச்சதும் 75-ல விட்டேன். (தப்புதான், திட்டாதீங்க.) தேங்கின தண்ணியில ஏறினதும் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. திருப்பறேன், வண்டி திரும்பல. டிரெய்லர் பின்சக்கரம் அப்பா பக்கத்து ஜன்னல்ல பெருசாகிட்டே வருது... ரெண்டு செகண்ட் இருக்கும். அப்புறம் தானா ரோட்டைப் பிடிச்சுது.

அப்பா ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வழி பூரா ஒரு வார்த்தை பேசல. வீட்டு வாசல்ல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "டேய், மொட்டை டயர்டா இது"ன்னார். அவ்ளோதான்.

மறுநாள் காத்து பார்த்தா 20 பிஎஸ்ஐ. பொறியியல் படிச்ச பாவத்துக்கு நானும் கணக்கு போட்டேன். விமான டயருக்காக நாசா 1960-கள்ல சொன்ன ஒரு சூத்திரம் இருக்கு. காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்தை 9-ஆல பெருக்கினா, தேய்ஞ்ச டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கிற வேகம் நாட் கணக்குல வரும். 30 பிஎஸ்ஐக்கு மணிக்கு 91 கிலோமீட்டர். 20-க்கு? சுமார் 75! ஸ்பீடாமீட்டர்ல நான் பார்த்த அதே நம்பர். கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.

சரி, புது டயர் வாங்கப் போனா கடைக்காரர் அலாய் வீலைக் காட்டினார். "145/80 ஆர்12 சைக்கிள் டயர் மாதிரி இருக்கு சார். 155/65 ஆர்13 போடுங்க, கிரிப்பு பிச்சுக்கும்." சபலம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா கணக்கு வேற சொல்லுது. டயர் அகலமானா வழியிலிருந்து தள்ள வேண்டிய தண்ணியும் அதிகம். தேங்கின தண்ணியைக் கிழிச்சுட்டுப் போறதுக்கு ஒல்லி டயர்தான் ஒசத்தி. இன்னொண்ணு, டயரோட பக்கச்சுவர் 116 மில்லிமீட்டர்ல இருந்து 101-க்கு இறங்கிடும். கண்டெய்னர் லாரி தோண்டி வெச்ச பள்ளத்தை வாங்கிக்கிற மெத்தையே அந்தச் சுவர்தான். இரும்பு ரிம் வளைஞ்சா பஞ்சர் கடை அண்ணன் சுத்தியால தட்டிக் கொடுத்துடுவார். அலாய் விரிஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான்.

மான்ட்ரியல் நண்பன்கிட்ட கேட்டா சிரிக்கிறான். கியூபெக்ல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரைக்கும் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். 7 டிகிரிக்குக் கீழ சாதா ரப்பர் விறைச்சுப் போயிடுமாம். அவன் அந்த டயரை மாட்டி வெச்சிருக்கிறது எதுல தெரியுமா? ஒல்லி இரும்பு ரிம்ல! அலாய் எல்லாம் கோடைக்குத்தான், ரோட்டுல கொட்டுற உப்பு அதை அரிச்சுடும்ங்கிறான். அந்த ரப்பர் நம்ம வெயிலுக்கு ஆகாது, ஆனா ரிம் விஷயத்துல அவன் ஊரும் நம்ம ஊரும் ஒண்ணுதான்.

உப்பு இரும்பை மட்டும் விடுமான்னு கேப்பீங்க. விடாது. நம்ம கடல் காத்துல ரிம் விளிம்பு துருப்பிடிச்சு மெதுவா காத்து இறங்குது, என் 20 பிஎஸ்ஐக்கே அதுவும் ஒரு காரணம். தேய்ச்சு பெயிண்ட் அடிச்சேன், ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. மாசம் ரெண்டு தடவை காத்து பார்க்கிறேன்.

1946-ல எம்ஆர்எஃப் பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்ச ஊர்ல பொறந்துட்டு, டயர்ல அச்சடிச்ச தேதி படிக்கத் தெரியாம இருந்திருக்கேன். கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும். 3223-னா 2023-ஓட 32-வது வாரம். சட்டப்படி கார் டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டர் இருந்தா போதும். எண்ணூர் மழைக்கு அது வரைக்கும் காத்திருக்கிறது முட்டாள்தனம்னு என் கட்சி. 3-க்கு வந்தாலே மாத்திடுங்க.

கம்பெனி அளவுலயே நாலு டயர் வாங்கியாச்சு. பழசுல சுமாரா இருந்த ஒண்ணை ஸ்டெப்னியா வெச்சுக்கலாம்னேன். அப்பா ஒரு பார்வை பார்த்தார். அலாய்க்குன்னு எடுத்து வெச்ச காசுல அஞ்சாவதும் புதுசு.