ஹால் சூடு, பெட்ரூம் ஜில்: பவர் ஃபிளஷுக்கு கார்டை நீட்டும் முன் இரண்டு கேள்வி

இங்கிலாந்தில் வேலை கிடைத்துப் போய், அங்கே முதல் குளிர்காலத்தைச் சந்திக்கிறவங்களுக்கு இந்தப் பதிவு.

ரெடிங்கில் ஐடி வேலை பார்க்கிற நண்பன் போன ஜனவரியில் போன் பண்ணினான். "மச்சான், ஹால்ல பனியனோட உட்காரலாம். பாப்பா தூங்குற ரூம்ல ஸ்வெட்டர் போட்டாலும் நடுங்குது. வந்து பார்த்தவர் பவர் ஃபிளஷ் பண்ணணும், 650 பவுண்ட் ஆகும்ங்கிறார். கிரெடிட் கார்டுல போட்டுடவா?"

நான் ஆடிட்டர், பிளம்பர் இல்லை. ஆனால் தப்பு எங்கே என்று தெரியாமல் என்ட்ரி போடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். இரண்டே கேள்வி கேட்டேன். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தியா? அது யாரோட வீடு?

முதல் கேள்வி: எங்கே குளிருது?

மேலே குளிர், கீழே சூடு என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, மேல் ஓரத்தில் இருக்கிற வால்வை பிளீட் கீயால் மெதுவாகத் திருப்புங்க. 'உஸ்' சத்தம் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிடுங்க. அந்தச் சாவி சில பவுண்டுதான். பிறகு பாய்லரின் பிரஷர் மீட்டரைப் பாருங்க. பெரும்பாலான காம்பி பாய்லர்களில், ஆறின நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்கணும்.

ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்க குளிர் என்றால், தெர்மோஸ்டாட் வால்வுக்குள்ளே இருக்கிற பின் சிக்கியிருக்கலாம்.

பாய்லருக்குப் பக்கத்து ரூம் கொதிக்குது, தூரத்து ரூம் வெதுவெதுப்பு என்றால் அது பேலன்சிங் பிரச்சினை. சூடான தண்ணீர் சுலபமான வழியில் ஓடித் திரும்பிடுது. பக்கத்து ரேடியேட்டர்களின் லாக்‌ஷீல்ட் வால்வைக் கொஞ்சம் இறுக்கினால்தான் தூரத்துக்குப் பங்கு போகும்.

கீழ்ப்பகுதி, அதுவும் நடுவில் குளிர் என்றால் துருச் சேறு. பவர் ஃபிளஷ் பேச்சுக்கு நியாயம் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

நிறைய பேர் இதையெல்லாம் பார்க்காமல் ஹாலில் இருக்கிற தெர்மோஸ்டாட்டை ஏத்திவிடுறாங்க. அது ஹாலைத்தான் அளக்குது. ஹால் இன்னும் வேகும், பெட்ரூம் ஜில்லுன்னே இருக்கும், பில் மட்டும் ஏறும். "பிரைஸ் கேப் இருக்கே" என்று நம்பாதீங்க. அந்த உச்சவரம்பு யூனிட் விலைக்கும் தினசரிக் கட்டணத்துக்கும்தான், உங்க மொத்த பில்லுக்கு இல்லை.

இரண்டாவது கேள்வி: யார் வீடு?

வாடகை வீடு என்றான். அப்போ நீ ஏன்டா கார்டை எடுக்கிற?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகை வீட்டின் ஹீட்டிங்கைப் பழுது பார்ப்பது வீட்டு ஓனரின் சட்டப் பொறுப்பு. இங்கிலாந்துக்கு அது 1985 லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 11ஆம் பிரிவில் இருக்கு. போனில் சொன்னால் போதாது, ஈமெயில் போடுங்க, போட்டோ சேருங்க. பாய்லர் மூடியை நீங்க திறக்கவே கூடாது. அது கேஸ் சேஃப் பதிவு உள்ளவர் வேலை.

நண்பன் வீட்டில் பாதிப் பிரச்சினை காற்று. பிளீட் பண்ணினான். மீதியை ஓனர் அனுப்பின இன்ஜினியர் பேலன்ஸ் பண்ணிக் கொடுத்தார். பாப்பா ரூம் சூடாச்சு, 650 பவுண்ட் எமர்ஜென்சி ஃபண்டிலேயே இருக்கு.

என் கருத்து இதுதான்: வெளிநாட்டில் புதுசா சம்பாதிக்கிறவங்க பணத்தை இழப்பது ஆடம்பரத்தில் மட்டும் இல்லை. குளிரில், அவசரத்தில், "கேட்டால் தப்பா நினைப்பாங்களோ" என்ற கூச்சத்தில்தான் நிறைய போகுது. கோட் வந்தவுடன் சரி சொல்லாதீங்க. எதனால் என்று எழுத்தில் கேளுங்க, இன்னொருவரிடமும் விலை வாங்குங்க.

சம்பளமும் இந்தச் சூடு மாதிரிதான். பக்கத்துச் செலவுகளைக் கொஞ்சம் இறுக்காவிட்டால், தூரத்து ரூமில் இருக்கிற சேமிப்புக்கு எதுவும் போய்ச் சேராது. அந்த பேலன்சிங் பற்றி அடுத்த வீடியோவில் பார்ப்போம்.