வாய் எரிச்சலும் இராப்போஜனப் பாத்திரமும்



சித்தூர் மாவட்டம் ராமகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்த சகோதரி ஒருவர், நான்கு மாதங்களாக இராப்போஜன வேளையில் அப்பத்தை மட்டும் புசித்து, பாத்திரத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். சபையில் முறுமுறுப்பு எழும்பிற்று. மறைவான பாவம் என்றார்கள் சிலர். நானும் நாவின் பாவத்தைக்குறித்து ஒரு பிரசங்கம் செய்தேன்; அவர் முகத்தைப் பார்த்தே செய்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

உண்மையில், திராட்சரசம் பட்டால் அவருடைய வாய் தீயாய் எரிந்தது. இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளை வலைக்கோடுகளும் சிவந்த புண்ணும் இருந்தன. அவற்றுக்கு நேரே, மலிவாகக் கிடைக்கிறதென்று ஓராண்டுக்கு முன் மாட்டிக்கொண்ட உலோகப் பல் உறை.

விலை குறைந்த உலோக உறைகள் பலவற்றில் நிக்கல் கலந்திருக்கிறது. உமிழ்நீரில் அது நுண்ணளவில் கசியும். சிலருடைய சரீரம் அதைப் பகையாக எண்ணிப் போரிடுவதே ஒவ்வாமை. நாம் நகை அணிவதில்லை. ஆயினும் இரட்சிக்கப்படுமுன் கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணானதை நினைவுகூரும் சகோதரிகள் நம்மில் உண்டு. பெரும்பாலும் அதுவும் இந்த நிக்கலே. பழைய வெள்ளி அடைப்பில் ஏறக்குறையப் பாதி பாதரசம். அதுவும் சிலருக்கு இத்தகைய புண்ணை உண்டாக்கும்.

அவருக்காக ஜெபித்தோம், மருத்துவரிடமும் அனுப்பினோம். எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பூசச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசியல்லவா? மருத்துவர் முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். இரண்டு நாள் சென்று மீண்டும் பார்த்தார். நிக்கல் இருந்த இடம் சிவந்து தடித்திருந்தது. கன்னத்திலிருந்து சிறு சதைத்துணுக்கும் எடுத்துச் சோதித்தார். புகையிலையாலும் பாக்காலும் வரும் கேடுகளும், புற்றுநோயின் தொடக்கமுங்கூட வெள்ளைத் திட்டாகத் தோன்றக்கூடும். இரண்டு வாரத்திற்குமேல் ஆறாத வாய்ப்புண்ணை யாரும் மறைத்துவைக்கலாகாது.

இதை வாசித்துவிட்டு அடைப்புகளையெல்லாம் பிடுங்கச் சொல்லி ஓடவேண்டாம். உலோகம் அடைத்த பெரும்பாலோருக்கு இத்தொல்லை வருவதில்லை. வலைக்கோடுகள் இருபுறமும் பரவியிருந்தால், உலோகத்தோடு சம்பந்தமற்ற லைக்கன் பிளானஸ் என்னும் நோயாகவும் இருக்கலாம்.

சகோதரிக்கு உறையைக் கழற்றிப் பீங்கான் உறை வைத்தார்கள். மூன்று மாதத்தில் புண் ஆறிற்று. கடந்த மாதம் பாத்திரத்தை வாங்கிப் பருகினார். அதற்கு முன்னரே அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். சபைக்கு முன்பாக இன்னும் கேட்கவில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சேரும் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் கேட்பேன்.